ஈரத்துக்குக் கழித்தது போக

உடற்பயிற்சிக் கூடம் நடத்துவதும் தேயிலை பயிரிடுவதும் ஏறத்தாழ ஒரே தொழில்தான். ஒரே வேறுபாடு, தேயிலைச் செடி பண்டிகைக்கு விடுப்பு எடுத்துக்கொள்வதில்லை.

மனிதர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். குன்னூர்ப் பக்கத்தில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, படுகர்களின் எத்தையம்மன் பண்டிகை, பொங்கல் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக இடைவெளியே இல்லாமல் வரும். யார் வீட்டுப் பண்டிகையானாலும் பலகாரம் எல்லோர் வீட்டுக்கும் வந்து சேரும். பொங்கல் முடிந்த பின் கூடத்தின் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தவர்களும், அந்தக் கதவுவரை வந்து திரும்பிப் போனவர்களும் இதைப் படிக்கக்கூடும். இரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் மன்னித்துவிட்டு மேலே படிப்பது நல்லது.

பெண்கள் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றபின், ஜெகதளா போகும் வழியில் பெண்களுக்கென்று ஒரு கூடம் தொடங்கினேன். தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. பச்சை இலைக்குக் கிடைத்த விலை பறிகூலிக்கே காணாமல், சிறு விவசாயிகள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இலை வரத்து நின்றதால் அங்கிருந்த சிறிய தேயிலை ஆலையொன்று மூடப்பட்டது. பறித்த இலையைப் பரப்பி வாட்டுவதற்காகக் கட்டிய அதன் மேல்மாடியில் நீண்ட மரத்தளமும், இருபுறமும் வரிசையாகச் சன்னல்களும், தடையற்ற காற்றும் இருந்தன. உடற்பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை எந்தப் பொறியாளரும் வரைந்து தந்திருக்க முடியாது. ஆலை மறுபடி திறக்கும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று உரிமையாளர் சாவியைக் கொடுத்தார். முன்பு அங்கே இலையைக் கொண்டுவந்த பெண்கள் இப்போது உடம்பைக் கொண்டுவந்தார்கள்.

மேடைத் தராசு

ஆலையோடு சேர்ந்து எனக்குக் கிடைத்தவர் வேலுசாமி. காரமடைப் பக்கத்துக்காரர். ஆலை ஓடிய காலத்தில் இலையை எடை போட்டவர், மூடியபின் காவல்காரர். இரும்புக் கல் வைத்து நிறுக்கும் பழைய மேடைத் தராசு ஒன்று கீழ்த்தளத்தில் இருந்தது. அதை வேறு யாரும் தொடலாகாது என்பது அவர் கொள்கை. வேறு தராசு இல்லை என்பது என் நிலைமை. ஆகவே மேடைக்கும் தராசுக்கோலுக்கும் நடுவே ஒரு சாக்குத் திரை கட்டினேன். ஏறி நிற்பவர் யாரென்று பாராமல், இலை வாங்கிய அதே குரலில், அவர் திரைக்கு அப்பாலிருந்து எடையைக் கூவுவார்.

இலை வாங்கும்போது சாக்கின் எடைக்கும், இலையில் ஒட்டிய மழைநீருக்கும் பனிநீருக்குமாகக் கொஞ்சம் கழித்துவிட்டுச் சொல்வது ஆலைகளின் வழக்கம். எவ்வளவு கழிப்பது என்பது ஆலையின் விருப்பம். அதன் பொருட்டு வேலுசாமியோடு சண்டையிடாத பெண் எங்கள் கூடத்தில் ஒருத்தியும் இல்லை. சண்டையில் முதல்வி சுசீலா. பக்கத்திலேயே சொந்தத் தேயிலைக் காடு உடையவள். கணவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். மார்கழியில் அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்து, சித்திரைக்கு முன் மறுபடி ரத்தம் பார்ப்போம், சர்க்கரை இறங்கவில்லையென்றால் ஊசிதான் என்று சொல்லியிருந்தார். சுசீலாவின் தாய் அந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தவள். காலில் புண் வந்து, காலை எடுத்தபின் படுக்கையை விட்டு எழவேயில்லை. ஊசியால் கால் போகவில்லை, நோயால் போனது என்று நான் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை.

பொங்கலுக்குப் பின் கூடம் திறந்த முதல் காலையில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்தது. சுசீலா மேடையில் ஏறினாள். வேலுசாமி கூவிய எடை, மார்கழியில் கூவியதைவிட நன்றாகவே ஏறியிருந்தது. அவள் இறங்கவில்லை.

"சாக்குக்குக் கழிச்சீங்களாண்ணா?"

"இங்க ஏது அம்மிணி சாக்கு?"

"சொட்டரு, சால்வை, குல்லா, எல்லாஞ் சாக்குத்தான். அப்புறம் ஈரத்துக்கு?"

"ஈரம் எங்கிருக்குது?"

"ஏனுங்ணா, எங்க இலையில மட்டும் பனித்தண்ணி நிக்கும், என்ற சேலையில நிக்காதுங்களா?"

பாவத்தைப் பங்கிடுதல்

ஸ்டெல்லா வெலிங்டனில் ராணுவ அலுவலகமொன்றில் எழுத்தர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவாள். திங்கள் தவறாமல் கூடத்துக்கு மட்டம் போடுவாள். பண்டிகைக்குப் பின் முதல் முறையாக வந்தபோது அவள் கையில் ஒரு பெரிய தகரப் பெட்டி இருந்தது. அதில் கிறிஸ்துமஸுக்குச் செய்த பிளம் கேக் பாதிக்கு மேல் மீதமிருந்தது. கூடத்துக்குள் தின்பண்டம் கூடாது என்ற விதியை நினைவூட்டினேன். "ஊட்டுல இருந்தா நான் ஒருத்தியே தின்னு தீர்த்துருவேன் டீச்சர். இங்க கொண்டாந்தா பாவத்தைப் பங்கு போட்டுக்கலாமில்ல?" என்றாள்.

பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அன்று கழுத்துப் பயிற்சியை அனைவரும் மிக ஒழுங்காகச் செய்தார்கள். ஒரு குறை, எல்லாக் கழுத்தும் அலமாரிப் பக்கமே திரும்பியிருந்தது. பயிற்சி முடிந்ததும் பெட்டியை வேலுசாமியிடம் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னேன். மறுநாள் வெறும் பெட்டி திரும்பி வந்தது. ஸ்டெல்லா அதைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினாள்.

"பாவத்தைப் பங்கு போடச் சொன்னா, மொத்தத்தையும் வேலுசாமி அண்ணன் தலையில கட்டிட்டீங்களே டீச்சர்."

தேநீருக்குத் தடை

உணவுமுறையில் நான் சிக்கலை விரும்புவதில்லை. ராகிக் களி, அவரைக் குழம்பு, கீரை, முட்டை உண்டு. அடுக்கடுக்காக நொறுங்கி மடியெல்லாம் உதிரும் எங்கள் ஊர் வர்க்கி கிடையாது. முறுக்கும் அதிரசமும் பண்டிகையோடு முடிந்தன என்று அறிவித்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. கடைசியாக, தேநீரைக் காலைக்கும் மாலைக்குமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். கூடம் கொதித்துவிட்டது.

சுசீலா எழுந்து நின்றாள். "இலைக்கு விலை வரட்டும், நாடே டீ குடிக்கட்டும்னு நாங்க சாமி கும்பிட்டுட்டு இருக்கறோம். நீங்க எங்களையே குடிக்காதேங்கறீங்க. இது வெளிய தெரிஞ்சா நாங்க ஊருக்குள்ள தலைகாட்ட முடியுங்களா?" என்றாள். நான் பள்ளியில் எத்தனையோ மாணவியரின் சாக்குகளைத் தள்ளுபடி செய்தவள். இது சாக்கு அன்று, வாதம். ஆகவே தீர்ப்பைத் திருத்தினேன்: தேநீர் இருக்கலாம், அதில் சர்க்கரை கூடாது. மறுநாள் பெரிய குடுவையில் சர்க்கரையில்லாத தேநீர் வந்தது. முதல் மிடற்றில் எல்லோர் முகமும் கோணிற்று. ஸ்டெல்லா மட்டும் கோப்பையை உயர்த்திப் பிடித்தாள்.

"இனிமே கரும்புக்காரங்க அழட்டும் டீச்சர். மலைக்காரங்க அழுதது போதும்."

முத்திரைக் கல்

கோவையில் என் பேத்தி போகும் கூடத்தில் சுவரெல்லாம் கண்ணாடியாம். தூக்கும் எடைகள்கூட முகம் பார்க்குமளவு பளபளப்பாம். நான் சுற்றிலும் பார்த்தேன். தராசுக்கருகே இரும்புக் கற்கள் அளவுப்படி அடுக்கியிருந்தன. அவற்றை மேலே கொண்டுவரச் சொன்னேன்.

வேலுசாமி பதறிப்போனார். "கவர்மெண்டு முத்திரை வெச்ச கல்லுங்க டீச்சரம்மா. கைபட்டுத் தேஞ்சா எடை தப்பிப் போயிருமுங்க." கல் தேய்வதற்குள் அவர்கள் தேய்ந்துவிடுவார்கள் என்று நான் உறுதியளித்தேன். அவருக்கு அந்த உறுதி போதவில்லை. பயிற்சி நடக்கும்போது படிக்கட்டின் அடியிலேயே நின்று, மரத்தளத்தில் கல் 'தொம்' என்று விழும்போதெல்லாம் "மெதுவாங்க, மெதுவா" என்று குரல் கொடுத்தார். முடிந்ததும் ஒவ்வொரு கல்லையும் எண்ணெய்த் துணியால் துடைத்து எடுத்துப்போனார். முதல் நாள் சுசீலா இருப்பதிலேயே பெரிய கல்லை எடுத்தாள். வேண்டாம், சிறியதில் தொடங்கு என்றேன். அவள் அதைத் தோள்வரை தூக்கி நிறுத்தி, கீழே நின்றவரைப் பார்த்துச் சொன்னாள்:

"இத்தன வருசம் இந்தக் கல்லு எங்க இலையைத் தூக்குச்சுங்ணா. இப்ப நாங்க இதைத் தூக்கறோம். பழைய பாக்கி தீந்துச்சு, போங்க."

நல்ல மனத்தின் எடை

மாசி பிறந்ததும் மறுபடி எடை பார்த்தோம். அனைவருக்கும் குறைந்திருந்தது. சுசீலாவுக்கு எல்லோரையும்விட அதிகமாகக் குறைந்திருந்தது. மேடையை விட்டு இறங்கியவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அடுத்த வாரம் இன்னும் குறைந்தது. என் வெற்றியில் நான் ஐயம் கொள்வது அரிது. ஆனால் மட்டம் போட்ட ஸ்டெல்லாவுக்கும் குறைந்தபோது ஐயம் வந்தது.

மறுநாள், பெண்கள் மேலே போனபின், ஓசைப்படாமல் நானே மேடையில் ஏறினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் எடை மாறியதில்லை; மாற நான் அனுமதித்ததில்லை. திரைக்கு அப்பாலிருந்து வேலுசாமி கணீரென்று ஓர் எடையைக் கூவினார். அது என் எடையைவிடக் குறைவு. திரையை விலக்கினேன். அவர் கையிலிருந்த கல்லை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

அவரைத் தராசருகிலேயே நிற்கவைத்துவிட்டுப் பெண்களைக் கீழே அழைத்து, மறுபடியும், இம்முறை நான் கோலைப் பார்க்க, எடை போட்டேன். சுசீலா பொங்கல் முடிந்து வந்த நாளில் இருந்த இடத்திலேயே இருந்தாள். கணவர் பண்டிகைக்குக் கொண்டுவந்த மைசூர்பாகுப் பெட்டியை அதுவரை தொடாமல் வைத்திருந்தவள், எடை இறங்கிவிட்டது என்ற தைரியத்தில் அதைத் திறந்திருந்தாள். பங்குனியில் ரத்தம் பார்க்க வேண்டும். "அப்ப ஊசிதானுங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். வேலுசாமியிடம் காரணம் கேட்டேன். தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இலையில மொதலாளி சொல்லிக் கழிச்சனுங்க. அந்தப் பாவம் போகட்டும்னு இதுல நானாக் கழிச்சனுங்க."

கூடையில்லாமல் மேலே போவது

சுசீலா அதன்பின் வரவில்லை. வராதவர்களைத் தேடிப் போவது என் வழக்கமன்று, போனேன். அவள் வீட்டுக்குப் பின்னால் தேயிலைக் காடு மேட்டில் ஏறிப் போகிறது. இடுப்பளவில் நிற்க வேண்டிய செடிகள் பறிப்பாரின்றி மரமாகி, அவளைவிட உயரமாக நின்றன. கொடி படர்ந்து நடைபாதை மறைந்திருந்தது. விலை இருந்த காலத்தில் விடிந்தால் அந்த மேட்டில் ஏறி, பொழுது சாய இலைச் சுமையோடு இறங்கியவள் அவள். இப்போது தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் சொல்லாத நோய்க்காரணம் எனக்கு அங்கே நின்றபடியே தெரிந்தது.

"உன் மருந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. எழுந்து நட" என்றேன்.

"சும்மாவா? வெறுங்கையோட மேல போனா, என்னத்தத் தொலைச்சீங்கன்னு கேப்பாங்க டீச்சர்."

சுவரில் மாட்டியிருந்த இலைக்கூடையை எடுத்து அவளிடம் நீட்டினேன். "இதோடு போ."

"விலையில்லாத இலைக்குப் போறா பாருன்னு சிரிப்பாங்க."

"சிரிக்கிறவர்கள் வந்து உன் ஊசியைப் போட்டுக்கொள்ளப் போவதில்லை."

அவள் என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நீங்களும் வாங்க. ரெண்டு பேரையும் பாத்துச் சிரிக்கட்டும்" என்றாள். சவாலை மறுத்துப் பழக்கமில்லாததால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். கொடியை அறுத்துக்கொண்டே அவள் முன்னால் போனாள். பாதையே அவளுக்கு வழிவிடுவது போலிருந்தது. எனக்கு அவ்வாறு இல்லை. உச்சியில் ஒரு பாறைமேல் கூடையை வைத்துவிட்டு, நான் வந்து சேரும்வரை பார்த்திருந்தாள்.

"மூக்கால மூச்சு விடுங்க டீச்சர். வாயால விடக்கூடாதுன்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க."

மருத்துவருக்குச் சொன்னது

அன்று முதல் காலையில் கூடம், பிற்பகலில் காடு என்று ஆயிற்று. கொடியையும் களையையும் வெட்டி, காய்ந்த குச்சியைக் கூடையில் சுமந்து இறங்கினாள். ஊர் சிரிக்கத்தான் செய்தது. மீதியிருந்த மைசூர்பாகு வேலுசாமியின் வீட்டுக்குப் போயிற்று. எங்கள் கூடத்தின் பாவங்கள் எல்லாம் அந்தப் பக்கமே போவது என்று ஏற்பட்டுவிட்டது. எடை போடும் நாளில் நான் திரைக்கு அப்பால் வேலுசாமியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் அதை அவமானமாகக் கருதினார், நான் மறுக்கவில்லை.

பங்குனிக் கடைசியில் ஸ்டெல்லாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சுசீலா ரத்தப் பரிசோதனையின் முடிவைக் கேட்கப் போனாள். நான் வழக்கம்போல் வகுப்பை நடத்தினேன். அன்று கைப்பயிற்சிக்குப்பின் மறுபடியும் கைப்பயிற்சியையே செய்யச் சொல்லிவிட்டேன் என்று பின்னர் அறிந்தேன். படிக்கட்டில் செருப்போசை கேட்டதும் அனைவரும் நின்றார்கள். சுசீலா முகத்தில் ஒன்றும் காட்டாமல் வந்து, தன் இடத்தில் நின்று, கையைத் தூக்கினாள். பிறகுதான் சொன்னாள்: சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டது, மாத்திரை தொடரட்டும், ஊசி இப்போது வேண்டாம். என்ன செய்தீர்கள் என்று மருத்துவர் வியந்து கேட்டாராம். என்ன சொன்னாய் என்று நானும் கேட்டேன்.

"தேயிலைக் காட்டுக்குப் போனேன்னு சொன்னா மதிக்கமாட்டாருன்னு, ஜிம்முக்குப் போறனுங்கன்னு சொல்லிட்டேன்."

மறுபடியும் தராசு

கோடை மழை விழுந்த பின்னும் அவள் நிறுத்தவில்லை. கூடையோடு வெட்டும் கத்தியையும் எடுத்துப்போய், மரமாகிப்போன செடிகளை ஆள் வைத்தும் தானுமாகத் தறித்துக் கவாத்து செய்தாள். விலையில்லாத காலத்தில் கவாத்து செய்பவளைப் பார்த்து ஊர் இன்னும் பலமாகச் சிரித்தது. ஐப்பசியில் அவள் காடு மட்டும் தளதளவென்று துளிர்த்து நின்றபோது இலை விலை மெல்ல நிமிர்ந்தது. உரிமையாளர் ஆலையைத் திறக்கப்போவதாகச் சொல்லியனுப்பினார். சொன்ன சொல்படி மாடியை ஒப்படைத்தேன். ஸ்டெல்லா தன் கோயிலையொட்டிய கூடத்தைக் கேட்டு வாங்கித் தந்தாள். அங்கே இடம் சிறியது. ஆளும் குறைவு, ஏனெனில் பாதிப்பேர் இலை பறிக்கப் போய்விட்டார்கள்.

ஆலை திறந்த காலையில் என் கயிறுகளையும் பாய்களையும் எடுத்துவரப் போயிருந்தேன். சாக்குத் திரையைக் காணவில்லை. பெண்கள் சுமையோடு வரிசையில் நின்றார்கள். சுசீலா முதலில் நின்றாள். நனைந்த சாக்கை மேடையில் வைத்தாள். வேலுசாமி கல்லை வைத்தார், கோலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சற்றும் கழிக்காமல் முழு எடையையும் கூவினார். வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. அத்தனை ஆண்டுச் சண்டையில் அவள் கேட்டது அதுதான். அவள் சாக்கின் அடியில் கையை வைத்து, சொட்டிய நீரை அவர் முன்னால் உதறினாள்.

"உள்ள ஈரத்துக்கு உள்ளதைக் கழிச்சுட்டுச் சொல்லுங்கண்ணா. பொய் எடையில ஒருக்காப் பட்டது போதும்."

இந்த மலையில் இலைக்கு விலை இருந்தால் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஆள் இருப்பதில்லை என்பதால், என் தொழில் நசிய வேண்டும் என்று நாள்தோறும் நானே வேண்டிக்கொள்கிறேன், ஈரத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு.